ஒரே படம், இரண்டு வாய்

ஸ்ட்ராம்னெஸ், ஆர்க்னி தீவு
மார்ச் 19, 2013

அன்புள்ள மால்கம் அண்ணா,

இங்கே காற்று சௌக்கியம். அது என்னைத் தள்ளிவிடாத வரைக்கும் நானும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தோட்டத்தில் அவரை விதை நட்டாயிற்றா?

விஷயத்துக்கு வருகிறேன். ஹார்ட்லி பார்க் பந்தய மைதானத்து மார்ஷல்கள் சங்கத்துப் பத்திரிகைக்கு ஒரு புதுப் பகுதி வேண்டுமாம். பெரிய கார் பந்தயங்களை இப்போது இரண்டு சேனல்கள் காட்டுகின்றன அல்லவா? அதில் எது உருப்படி என்று வருஷம் முழுக்கப் பார்த்து எழுத ஆள் தேடினார்கள். தலைமை மார்ஷல் நைஜல் பெக் நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார். "அண்ணனும் தங்கச்சியும் எழுதினா சண்டையாவது மிஞ்சும்" என்றாராம். அவர் சொன்னதும் நியாயம்தான். நான் அங்கே முப்பது வருஷம் சுற்றுக் கணக்கு எழுதினவள். நீ முப்பத்து நாலு வருஷமாக டிராக் ஓரத்து ஏழாம் போஸ்டில் கொடி பிடிக்கிறவன்.

என்னிடம் இருப்பது பீக்கன். காசில்லாத சேனல், பாதிப் பந்தயம் நேரடியாக, மீதி சாயங்காலம் சுருக்கமாக. உன்னிடம் என் மகள் ஜில் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த ஓரியன், எல்லாமே நேரடி. அதனால் டெலிபோன் கூடாது, கடிதம்தான். போன வருஷம் நான் போனை எடுத்து ஹலோ சொல்வதற்குள் ஜெயித்தவன் பெயரைச் சொல்லித் தொலைத்தாயே, அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். படம் இரண்டு சேனலுக்கும் ஒன்றுதான். பந்தயம் நடத்துகிறவர்களின் கேமரா அனுப்புவதைத்தான் இருவரும் வாங்கிக் காட்டுகிறார்கள். நாம் எடை போட வேண்டியது வாயை மட்டும். யார் என்ன சொல்கிறார்கள், எப்போது வாயை மூடத் தெரிந்தவர்கள் என்று.

ஜில் இந்த வருஷமும் உன் போஸ்டில்தானே? மேட்டைத் தாண்டி வருகிறவனுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாத இடம் அது. வண்டி சுழன்று நின்றால் உன் மஞ்சள் கொடியைக் கண்டு வருகிறவன் வேகத்தைக் குறைப்பான் என்று நம்பித்தான் அவள் டிராக்கில் இறங்குகிறாள். பத்திரமாகப் பார்த்துக்கொள்.

யாரையும் சுலபத்தில் நம்பாத உன் தங்கை,
பெரில்


நெதர் ஹார்ட்லி
ஏப்ரல் 2

அடியே பெரில்,

முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது, அவரை இன்னும் நடவில்லை, மண்ணில் கை வைத்தால் விறைக்கிறது, நீ காற்றைத் திட்டாதே அது உன்னைவிடப் பெரியது,

ஓரியன்காரர்கள் பந்தயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கடை விரித்துவிடுகிறார்கள், பழைய எஞ்சினியர் ஒருவர் வந்து பாடம் நடத்துகிறார், அது முடிவதற்குள் பன்றி இறைச்சி ரொட்டி ஒன்றைத் தின்று தேநீரும் குடித்துவிடலாம், வர்ணனைக்கு ஃபேரோ என்று ஒருத்தன், மூச்சு விடுவதற்கு வேறு ஆள் வைத்திருப்பான் போலிருக்கிறது, யார் முன்னால் யார் பின்னால், எவன் சக்கரம் புகைகிறது, எவன் உள்பக்கமாக நுழைகிறான், ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறான், எனக்குப் பிடித்திருக்கிறது, தங்கமான மனுஷன்,

உன் பீக்கன் எவன்ஸை நைஜல் வீட்டில் ஒரு தடவை கேட்டேன், மூன்று சுற்றுக்கு ஒரு வார்த்தை பேசுகிறான், சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறானா என்று உன் பத்திரிகையில் கேட்டு எழுது,

நல்ல பேனா காய்ந்துவிட்டது, அதனால் தடிப் பேனாவில் எழுதுகிறேன், எழுத்து பெரிதாக இருந்தால் கண்டுகொள்ளாதே, ஜில் நலம், உன்னைப் போலவே அதட்டுகிறாள்,

மால்கம்


ஸ்ட்ராம்னெஸ்
ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. நாலு வரிக்கு ஒரு தாள் என்று ஆறு தாள். கப்பலில் ஏற்றும்போது தபால்காரர் முனகியிருப்பார். நான் நலம். பக்கத்து வீட்டுக்காரர் என் நிலக்கரியை எடுக்கிறாரோ என்று எண்ணி வைத்திருக்கிறேன், அது தவிர மனசுக்கு ஒரு குறையும் இல்லை.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். நீயா ஃபேரோவைத் தங்கம் என்கிறாய்? வர்ணனை ஆரம்பித்ததும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பந்தயம் பார்த்தவன் நீ. "கண்ணு இருக்கிறவனுக்கு எதுக்குடி இன்னொருத்தன் வாய்?" என்று கத்தி, அம்மா உன்னைத் துடைப்பத்தால் அடிக்க வந்தது எனக்கு மறக்கவில்லை. எவன்ஸ் மாதிரி அடக்கமான ஆளைத்தான் நீ கொண்டாடியிருக்க வேண்டும். வண்டி தானே பேசும்போது அவர் குறுக்கே பேசுவதில்லை. அறுபத்தாறு வயதில் ஒருவனுக்கு ருசி மாறுமா? மாறினால் ஏதாவது காரணம் இருக்கும்.

இன்னொன்று. காஸ்வெல் அணி இந்த வருஷம் வண்டிக்குப் புது வண்ணம் பூசியிருக்கிறது. போன வருஷத்து வண்ணத்தைப் பற்றி மட்டும் நீ மூன்று பக்கம் திட்டினாய். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட இல்லையே. பிடித்திருக்கிறதா, இல்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள். நல்ல பேனா ஒன்று இதோடு வருகிறது.

பெரில்


நெதர் ஹார்ட்லி
மே 20

அன்புள்ள பெரில்,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பேனாவுக்கு நன்றி. இப்போது தட்டச்சு செய்து பழகுகிறேன். ஆகவே எழுத்தைப் பற்றி இனி நீ குறை சொல்ல முடியாது.

ஸ்பெயின் பந்தயத்தை ஓரியன் நன்றாக நடத்தியது. பந்தயத்தின் நடுவே விளம்பரம் இல்லை. டயர்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கின்றன என்று எஞ்சினியர் தெளிவாக விளக்கினார். முப்பத்தோராம் சுற்றில் காஸ்வெல் அணியின் டால்பி சரளைக்கற்களுக்குள் போய் மாட்டிக்கொண்டபோது ஃபேரோ சொன்ன விதத்தில் உடம்பு சிலிர்த்தது. பாவம், டால்பி. மூன்றாவதாக வந்திருக்க வேண்டியவன்.

நீ கேட்ட வண்ணம் பற்றி: வண்ணம் வண்ணம் மாதிரிதான் இருக்கிறது.

சில சமயம் ஃபேரோ "ஐயோ, அதைப் பாருங்க!" என்று கத்திவிட்டு எதை என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார். அது ஒன்றுதான் ஓரியனில் நான் கண்ட குறை. வர்ணனையாளர் என்றால் சொல்ல வேண்டாமா?

தோட்டத்தில் அவரை விதை நட்டுவிட்டேன்.

அன்புடன்,
மால்கம்


ஸ்ட்ராம்னெஸ்
மே 27

மால்கம் அண்ணா,

நலம் விசாரிப்பை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில், உன் கடிதத்தில் பதினைந்து முற்றுப்புள்ளிகள். எண்ணினேன். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை நீ ஒரு முற்றுப்புள்ளி வைத்து நான் பார்த்ததில்லை. "அன்புடன்" வேறு! யார் தட்டச்சு செய்கிறார்கள்? வீட்டில் யாராவது பெண்மணி வந்து போகிறாளா? போனால் போகட்டும், அண்ணி போய் ஒன்பது வருஷமாயிற்று. என்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டாவதுதான் முக்கியம். முப்பத்தோராம் சுற்றில் சரளையில் மாட்டியது டால்பி இல்லை, வெர்னர். காஸ்வெல் வண்டிகள் இரண்டும் ஒரே அச்சு, ஆனால் ஓட்டுகிறவன் தலைக்கு மேலே இருக்கும் கேமராப் பெட்டி வெர்னருக்கு மட்டும் மஞ்சள். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எவன்ஸ் உடனே "வெர்னர்" என்றார். உன் ஃபேரோ தவறாகச் சொல்லியிருப்பார், சொல்லட்டும், வாய் என்றால் தவறும். ஆனால் உன் கண் எங்கே போனது? படம் ஒன்றுதானே? அந்தக் கேமராப் பெட்டி திரையில் பத்து விநாடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சொல்வாயே நீ, யார் வண்டி என்று.

டால்பி கடைசியில் மூன்றாவதாக வந்தே விட்டான். மேடையில் நின்று கோப்பை வாங்கினான். அதையும் நீ பார்க்கவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான்: நீ பந்தயம் பார்ப்பதே இல்லை. ஓரியனை நிறுத்திவிட்டாய், ரேடியோவிலோ வேறு எங்கோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுகிறாய். அப்படியானால் நேராகச் சொல். பத்திரிகையில் நம் இருவர் பெயரும் வருகிறது.

உடம்பு எப்படி?

பெரில்


ஸ்ட்ராம்னெஸ்
ஜூலை 3

அன்புள்ள அண்ணா,

ஐந்து வாரமாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சரி, கோபம் இருக்கும். நான்தான் வாய் நீண்டவள், மன்னித்துக்கொள். இங்கே வெயில் வந்திருக்கிறது. மூன்று நாளாகக் கம்பளி மேலங்கி இல்லாமல் இருக்கிறேன் என்றால் நீ நம்ப மாட்டாய். முழங்கால் வலி எனக்கும் ஆரம்பித்திருக்கிறது, குடும்பச் சொத்து.

நம் ஊர்ப் பந்தயம் பார்த்தாயா? இரண்டு சேனலிலும் நேரடி. எவன்ஸ் பிரமாதம், ஒரு வார்த்தை வீண் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம். நடுவில் வண்டிகளை மெதுவாக அழைத்துப் போக வந்த பாதுகாப்பு கார் எப்போதும் போல வெள்ளி நிறத்தில் இல்லாமல் இந்தத் தடவை பச்சையாக வந்ததே, அதைப் பற்றி எவன்ஸ் வாயே திறக்கவில்லை. ஃபேரோ ஏதாவது சொன்னாரா? பத்திரிகைக்கு அதை எழுதலாம் என்று நினைக்கிறேன். உனக்கு அந்தப் பச்சை பிடித்ததா?

ஜில்லுக்கு என் முத்தம்.

அன்புத் தங்கை,
பெரில்


நெதர் ஹார்ட்லி
ஜூலை 15

அன்புள்ள பெரில்,

கோபம் ஒன்றும் இல்லை. தோட்ட வேலை அதிகம். எந்தப் பெண்மணியும் வரவில்லை, வந்தால் உன் கடிதங்களைக் காட்டி விரட்டிவிடுவேன். ஸ்பெயின் பந்தயத்தில் அந்த நேரம் தேநீர் போட அடுப்படிக்குப் போயிருந்தேன். ஃபேரோ சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினேன். அவ்வளவுதான் சங்கதி. ஒரு கோப்பை தேநீருக்கு இவ்வளவு பெரிய விசாரணையா?

பாதுகாப்பு காரைப் பற்றி ஓரியனிலும் ஒன்றும் சொல்லவில்லை. நானே உனக்கு எழுத நினைத்தேன். பச்சை கொஞ்சமும் பொருந்தவில்லை. புல்லுக்கு நடுவே வந்தால் எப்படித் தெரியும்? பழைய வெள்ளியே மேல்.

ஆகஸ்ட் 18 ஞாயிறு ஹார்ட்லி பார்க்கில் எங்கள் பந்தயம். ஏழாம் போஸ்டில் நானும் ஜில்லும் இன்னும் இரண்டு பேரும். முப்பத்தைந்தாவது வருஷம். நீயும் இருந்திருக்கலாம்.

உன் முழங்காலுக்குச் சுடுதண்ணீர்ப் பை வை.

அன்புடன்,
மால்கம்


(உறையின் மேல்: ஜில், இதை நீ பிரிக்காதே. மாமா தானே படிக்கட்டும். உள்ளே ஒன்பது தாள்கள், தடிக் கறுப்புப் பேனாவில், தாளுக்கு இரண்டு வரி.)

ஜூலை 20

அண்ணா,

கார் வெள்ளி நிறம்தான். பச்சை என்று நான் பொய் எழுதினேன்.

உன் கடித உறைகளில் அஞ்சல்தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்படி ஒட்டுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். அவளைப் பெற்றவள் நான்.

அவள்தான் உனக்குப் படிக்கிறாள், எழுதுகிறாள். உனக்குக் கண் தெரியவில்லை.

எனக்கு அழுகை வருகிறது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை.

18ஆம் தேதி நீ கொடி பிடிக்கக் கூடாது. நீயே நைஜலிடம் சொல்லிவிடு.

நீ சொல்வாய் என்று காத்திருப்பேன்.

ஜில் டிராக்கில் இறங்குகிறாள் அண்ணா.

பெரில்


ஸ்ட்ராம்னெஸ்
ஆகஸ்ட் 28

மதிப்பிற்குரிய நைஜல் பெக் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

என் அண்ணன் மால்கமுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. டெலிவிஷன் திரையில் ஒரு காரின் நிறம்கூட அவனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரிந்துகொண்டேன் என்பது பெரிய கதை. அதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஜனவரியில் உடல்தகுதிப் படிவத்தில் கண் நன்றாக இருப்பதாக அவன் கையெழுத்துப் போட்டிருப்பான். அது உண்மையில்லை.

ஜூலையில் அவனுக்கு எழுதினேன், பதில் இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஜில்லைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கிட்டத்துல படிக்கத்தாம்மா கஷ்டம், தூரம் நல்லாத் தெரியுதுன்னு மாமாவே சொன்னாரு. நீ யாரைத்தான் நம்பினே?" என்று சிரித்தாள். 18ஆம் தேதி முடிந்தபின் மறுபடி கூப்பிட்டேன். "ஒண்ணும் விசேஷம் இல்லம்மா. ஒருத்தன் கொடியை மதிக்காம ஓட்டினான், வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்" என்றாள். அவள் பேச்சில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை, கூடித்தான் போயிற்று.

அண்ணனே சொல்வான் என்று ஐந்து வாரம் காத்திருந்தேன். செப்டம்பர் 15இல் அடுத்த பந்தயம். இனியும் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. அவனை ஏழாம் போஸ்டில் நிறுத்தாதீர்கள். எழுதியது யார் என்று அவன் கேட்டால் மறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பெரில் ரெண்டால்


ஹார்ட்லி பார்க்
செப்டம்பர் 4
(உறையின் ஓரத்தில், பெரிலின் கையெழுத்தில்: 9ஆம் தேதி கிடைத்தது)

அன்புள்ள பெரில்,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. நான் சுற்றி வளைத்து எழுதத் தெரியாதவன், நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மால்கம் ஆகஸ்ட் 19 காலையிலேயே விலகிவிட்டார். நான் அலுவலகத்தைத் திறக்கும்போது கொடிகளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். முந்தின நாள் நாலாவது பந்தயத்தில் ஏழாம் போஸ்டுக்குக் கீழே ஒரு வண்டி சுழன்று நின்றது. உங்கள் மகளும் மற்ற இருவரும் இறங்கினார்கள், மால்கம் மஞ்சள் கொடி ஆட்டினார். ஆரஞ்சுச் சட்டைகள் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மூவரும் வந்துவிட்டார்கள் என்று கொடியை இறக்கிவிட்டார். வந்தது இருவர்தான். ஜில் வண்டியின் மூக்குப் பக்கம் குனிந்து உடைந்த துண்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மேட்டைத் தாண்டி வந்தவன் முழு வேகத்தில் அவளை ஒட்டிப் போனான். ஒரு கை நீளம் இருக்கும்.

மஞ்சளை மதிக்கவில்லை என்று ஜில் அந்த ஓட்டுநர்மேல் புகார் கொடுத்தாள். அவன் உரிமத்தை நிறுத்தி வைக்க இருந்தோம். மால்கம் வந்து சொன்னது இதுதான்: "அந்தப் பையன் மேல தப்பில்ல, நைஜல். கொடி கீழே இருந்தது. எனக்குக் கண் தெரியல. ஜனவரில பொய்க் கையெழுத்துப் போட்டேன்." அப்புறம் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். ஓட்டுநர்மேல் இருந்த புகாரை நீக்கிவிட்டோம். ஜில்லிடம் தானே சொல்வதாகக் கேட்டுக்கொண்டார், போன வாரம் சொல்லியும் விட்டார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, மூன்றாம் நாள் கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

உங்கள் கடிதம் வந்ததை நேற்று அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. "அவ எழுதினதாலதான் நான் கொடியைக் குடுத்தேன்னே இருக்கட்டும். இல்லேன்னா அண்ணனை வீணாக் காட்டிக் கொடுத்துட்டோமேன்னு காலம்பூரா உள்ளுக்குள்ளேயே புழுங்குவா, அவளை எனக்குத் தெரியும்" என்றார். நான் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பதிவேட்டில் பொய்த் தேதி எழுத என்னால் முடியாது, உங்களுக்கும் பொய் எழுத முடியவில்லை.

உங்கள் உடல்நலம் பேணவும்.

நைஜல் பெக்


நெதர் ஹார்ட்லி
செப்டம்பர் 6

அடியே பெரில்,

இது என் கை, என் தடிப் பேனா, ஜில்லுக்குக்கூடக் காட்டவில்லை, கோணல்மாணலாக இருந்தால் சகித்துக்கொள், நீ நலமா, முழங்கால் எப்படி,

நீ ஜெயித்தாய், கண் போய்விட்டது, நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு, ஓரமாகப் பார்த்தால் ஓரமெல்லாம் இருக்கிறது, உன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உன் காதைப் பார்க்க வேண்டும், போன அக்டோபரில் ஆரம்பித்தது, டாக்டர் திரும்பி வராது என்கிறார், இருப்பதைக் காப்பாற்ற ஊசி போடலாமாம், கண்ணுக்குள்ளேயே, நினைத்தாலே குமட்டுகிறது,

உன் ஒன்பது தாளையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், நான்கு நாள் ஆயிற்று, படித்துவிட்டும் நான் நைஜலிடம் போகவில்லை, 18ஆம் தேதி போய் நின்றேன், அது என் திமிர், நல்ல வேளையாக ஒன்றும் நடக்கவில்லை, அமைதியான நாள், ஜில் வெயிலில் கறுத்துப் போனது தவிர,

செவ்வாய்க்கிழமை நைஜல் கூப்பிட்டான், பெரிலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றான், அன்றைக்கே போய்க் கொடியைக் கொடுத்துவிட்டேன், நீ எழுதாமல் இருந்தால் 15ஆம் தேதியும் போய் நின்றிருப்பேன், ஆகவே நீ எழுதியதுதான் சரி, இதைப் பற்றி மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, சொல்லிவிட்டேன்,

பத்திரிகைக்கு என் தீர்ப்பு, இதை என் பெயரிலேயே போடச் சொல், ஓரியனோ பீக்கனோ, வர்ணனை செய்கிறவர்கள் எல்லாரும் கண் உள்ளவனுக்குத்தான் பேசுகிறார்கள், ஃபேரோ நிறையச் சொல்கிறான் ஆனால் ஆளை மாற்றிச் சொல்கிறான், எவன்ஸ் தப்புச் சொல்வதில்லை ஆனால் சொல்வதே இல்லை, ஒருத்தன் வாயும் இன்னொருத்தன் கண்ணும் சேர்ந்தால் முழுசாக ஒரு வர்ணனையாளர் கிடைப்பார்,

நைஜல் உனக்கு ஏதாவது பதில் போட்டானா,

மால்கம்


(பதினான்கு தாள்கள், தடிக் கறுப்புப் பேனாவில்)

ஸ்ட்ராம்னெஸ்
செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உன் கையெழுத்தைப் பார்த்ததே பாதி மருந்து. கோணலாக இல்லை, அம்மாவின் எழுத்து மாதிரி இருக்கிறது.

ஊசி போட்டுக்கொள். குமட்டினால் குமட்டட்டும். ஜில் பக்கத்தில் நிற்பாள், அக்டோபரில் நானும் கப்பல் ஏறி வருகிறேன். என் காதைப் பார்த்துக்கொண்டு பேசு, ஆட்சேபணை இல்லை.

22ஆம் தேதி பந்தயம் இரண்டு சேனலிலும் நேரடி. ஒரு மணிக்கு நான் போனில் கூப்பிடுகிறேன். ஃபேரோவை அணைத்துவிடு, எவன்ஸையும் நான் அணைத்துவிடுகிறேன். நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எந்தப் பெட்டி மஞ்சள், எவன் உள்ளே நுழைகிறான், எல்லாம். தப்பாகச் சொன்னால் நீ கத்தலாம்.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நான் நைஜலுக்கு எழுதியது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததே, அதனால் நீ கொடியைக் கொடுத்தாயே என்று நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிற்று. 18ஆம் தேதி ஒன்றும் நடக்காமல் போனதற்கும் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

நைஜல் பெக் எனக்குப் பதில் போடவில்லை. வேலையாக இருப்பார் போலிருக்கிறது.

உன்னை எப்போதும் நம்பும் தங்கை,
பெரில்